தராசும் வாள்முனையும்

வாள்வீச்சு என்றவுடன் நம் தலைமுறைக்கு நினைவில் எழுவது எம்.ஜி.ஆரும் நம்பியாரும் அரண்மனைப் படிக்கட்டில் ஏறியும் இறங்கியும் போட்ட கத்திச் சண்டைதான். அந்தச் சண்டையில் யார் வெல்வார் என்பதில் யாருக்கும் ஐயம் வந்ததில்லை. கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்த பொடியனுக்கும் அது முன்கூட்டியே தெரியும். ஒலிம்பிக்கில் நடக்கும் வாள்வீச்சு அப்படிப்பட்டதன்று. அங்கே கேள்வியே "யார் யாரைத் தொட்டார், அதை யார் சொல்வது?" என்பதுதான். நூறு ஆண்டுக்கும் மேலாக அந்த விளையாட்டு இந்த ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டி வந்திருக்கிறது என்பது என் எண்ணம். அதைத்தான் இந்த மலரில் சொல்லப் போகிறேன்.

நான் பாத்திர வியாபாரி. கல்லூரி வாசலை மிதித்தவனல்லன். இரவில் கடை அடைத்த பிறகு படித்துத் தெரிந்து கொண்டதுதான் எல்லாம். "கொல்லாமை பேசும் சமணர் கத்தியைப் பற்றி எழுதுவதா?" என்று சங்கத்து நண்பர் ஒருவர் கேலி பண்ணினார். கேலி நியாயம்தான். ஆனால் இந்த விளையாட்டின்பால் என்னை இழுத்தது கத்தி அன்று, ஓர் எடைக்கல். எப்பே என்னும் வாளைக் கொண்டு ஆடும் போட்டியில், ஆட்டம் தொடங்குமுன் நடுவர் 750 கிராம் எடைக்கல் ஒன்றை வாளின் முனைமேல் வைக்கிறார். முனைக்குள் இருக்கும் ஸ்பிரிங் அந்தக் கல்லை மேலே தூக்க வேண்டும். தூக்காவிட்டால் அந்த வாள் ஆட்டத்துக்கு ஆகாது. ஃபாயில் என்னும் வாளுக்கு 500 கிராம் கல். அதாவது, அந்த எடைக்குக் குறைந்த அழுத்தத்தில் பட்டால் விளக்கு எரியக் கூடாது. நாற்பது வருஷம் தராசின் முன்னே நின்றவன் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருப்பானா?

ஆட்டத்தைப் பற்றி முதலில் கொஞ்சம் தெரிந்து கொள்வோம். வாள்கள் மூன்று வகை. ஃபாயில் என்பது பயிற்சிக்காகப் பிறந்த வாள். முனையில் ஒரு குமிழ் இருக்கும், குத்து உடற்பகுதியில் மட்டும் விழ வேண்டும், கை கால் தலை கணக்கில் சேராது. எப்பே என்பது நேரே துவந்த யுத்தத்திலிருந்து வந்தது. உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எங்கே குத்தினாலும் செல்லும். சேபர் குதிரைப் படையோடு சேர்த்துப் பேசப்படும் வாள். இடுப்புக்கு மேலே எங்கும் வெட்டலாம், குத்தலாம். ஆடும் களம் 14 மீட்டர் நீளமுள்ள ஒரு பட்டை, அவ்வளவே. அதைப் பிஸ்ட் என்பார்கள்.

தொலைக்காட்சியில் முதல் தடவை பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இரண்டு பேர் விளக்கும் எரிகிறதே, ஒருவருக்கு மட்டும் புள்ளி கொடுக்கிறார்களே, இது என்ன அநியாயம்? எங்கள் வீட்டுப் பேரனும் இதைத்தான் கேட்டான். எப்பேயில் அந்த வம்பு இல்லை. இரண்டு குத்தும் ஒரு விநாடியில் ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒரு பங்குக்குள் விழுந்தால் இருவருக்கும் புள்ளி. ஃபாயிலிலும் சேபரிலும் மட்டும் "முறை" பார்ப்பார்கள். உண்மையான வாளோடு ஒருவன் உங்கள் மேல் பாய்ந்தால், புத்தியுள்ள நீங்கள் என்ன செய்வீர்கள்? முதலில் அவன் வாளைத் தட்டிவிட்டு, பிறகுதான் திருப்பிக் குத்துவீர்கள். தட்டாமல் நீங்களும் குத்தினால் இரண்டு பேரும் செத்துப் போவீர்கள். ஆகவே முதலில் தாக்கியவனுக்கே முறை. தட்டிவிட்டவனுக்கு முறை மாறும். உயிர்ப்பயம் உள்ளவன் எப்படி நடப்பானோ அப்படி நட என்பதே இந்த விதியின் சாரம். உயிர் போகாத ஆட்டத்தில் உயிர்ப்பயத்தை விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த இடம். இந்த முறையை இன்றைக்கும் எந்த எந்திரமும் சொல்வதில்லை, மனிதன்தான் சொல்ல வேண்டும்.

1896இல் ஏதென்ஸில் நவீன ஒலிம்பிக் தொடங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூட விடுபடாமல் நடந்துவரும் ஐந்து விளையாட்டுகளில் வாள்வீச்சு ஒன்று. மற்றவை தடகளம், நீச்சல், சைக்கிள், ஜிம்னாஸ்டிக்ஸ். கூலி வாங்கி ஆடுகிறவர்களுக்கு அன்று ஒலிம்பிக்கில் இடமில்லை. வாள்வீச்சில் மட்டும் கற்றுக் கொடுத்துப் பிழைக்கும் ஆசான்களுக்கென்று தனிப் போட்டி வைத்தார்கள். அதில் லியோனிடாஸ் பிர்கோஸ் என்ற கிரேக்க ஆசான் பிரெஞ்சு ஆசானை மூன்றுக்கு ஒன்று என்று வென்றார். நவீன ஒலிம்பிக்கில் கிரேக்க நாட்டுக்குக் கிடைத்த முதல் வெற்றி அதுவே. 1900இல் பாரிஸில் எப்பே சேர்ந்தது. வென்றவர் கியூபாவின் ரமோன் ஃபோன்ஸ்ட், வயது பதினாறு!

சிக்கல் எங்கே தொடங்கியது என்றால், நாடுகள் ஒன்றோடொன்று மோதியபோது. ஒரே ஊரில், ஒரே ஆசானிடம் படித்தவர்கள் ஆடினால் அளவு ஒன்றுதான். பட்டவன் தானே "பட்டது" என்று சொல்லிவிடுவது அந்நாளைய மரியாதை. ஆனால் பிரான்சுக்காரன் கற்ற வித்தை வேறு, இத்தாலிக்காரன் கற்ற வித்தை வேறு. 1912இல் ஸ்டாக்ஹோமில் இது வெடித்தது. ஃபாயிலில் மேற்கையையும் இலக்காகச் சேர்க்க வேண்டும் என்றது பிரான்சு. மாட்டோம் என்றார்கள். பிரான்சு வாள்வீச்சுக்கே வரவில்லை. எப்பே வாளின் அலகு 94 சென்டிமீட்டர் வரை இருக்க அனுமதி வேண்டும் என்றது இத்தாலி. அதற்கும் மறுப்பு. இத்தாலி எப்பே போட்டியிலிருந்து ஒதுங்கிக் கொண்டது. சில சென்டிமீட்டருக்காக ஒரு தேசமே கோபித்துக்கொண்டு போகுமா என்று சிரிக்க வேண்டாம். படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் வேறாக இருந்த காலத்தை என் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஓர் ஊர்ப் படியில் அளந்து வாங்கி, இன்னோர் ஊர்ப் படியில் அளந்து விற்றவர்கள் கெட்டிக்காரர்கள் என்று பெயர் எடுத்த காலம் அது. நம் நாட்டில் 1956இல் எடையளவுச் சட்டம் வந்த பிறகுதான் வீசையும் சேரும் போய்ப் படிப்படியாகக் கிலோ வந்தது.

வாள்வீச்சுக்கு அந்தச் சட்டம் 1913 நவம்பர் 29 அன்று வந்தது. பாரிஸில் கூடி, சர்வதேச வாள்வீச்சுக் கூட்டமைப்பை நிறுவினார்கள். முதல் தலைவர் பெல்ஜியத்தின் ஆல்பெர் ஃபேரிக். அடுத்த ஆண்டே விதிகளை வகுத்தார்கள். எப்பே அலகு இன்று 90 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. முழு வாளின் எடை 770 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஜப்பானில் நடந்தாலும் எகிப்தில் நடந்தாலும் நடுவர் "ஆன் கார்ட்", "அல்லே", "ஆல்ட்" என்று பிரெஞ்சிலேயே கட்டளை இடுவது இன்றும் வழக்கம்.

கல்லும் முழமும் ஒன்றாகிவிட்டன. ஆனால் தராசைப் பிடிக்கும் கை? அந்நாளில் தீர்ப்பு ஐந்து பேரிடம் இருந்தது. நடுவில் தலைவர், இரு பக்கமும் இரண்டிரண்டு பார்வை நடுவர்கள். ஒரு வீரர்மேல் வாள் பட்டதா இல்லையா என்று இரண்டு பார்வை நடுவர்கள் சொல்வார்கள். அவர்களுக்கு ஆளுக்கு ஓர் ஓட்டு, தலைவருக்கு ஒன்றரை ஓட்டு! இருவரும் ஒத்துச் சொன்னால் தலைவர் தோற்பார். இருவரும் முரண்பட்டால் தலைவர் சொன்னதே முடிவு. கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மின்னல் வேகத்தில் போகும் முனையைக் கண் பார்க்க வேண்டுமே, பார்த்தாலும் வாய் உள்ளதைச் சொல்ல வேண்டுமே.

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் நடந்தது ஒரு நாவலுக்கு ஆகும். ஃபாயில் குழுப் போட்டியில் இத்தாலியின் போனிக்கும் பிரான்சின் கோதினுக்கும் கடைசித் தொடுகை. கோவாச் என்ற ஹங்கேரிய நடுவர் கோதினுக்கே என்றார். போனி அவரைத் திட்டிவிட்டார். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள், திட்டவே இல்லை என்று சாதித்தார். இதாலோ சாந்தெல்லி என்பவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். இவர் பிறப்பால் இத்தாலியர், புடாபெஸ்டில் தங்கி ஹங்கேரியர்களுக்குச் சேபர் கற்றுக் கொடுத்த ஆசான். "திட்டியது உண்மை" என்றார். இத்தாலிய அணி எழுந்து வெளியேறியது.

அத்தோடு போகவில்லை. சேபர் தனிப் போட்டியில், புலிதி என்ற தங்கள் வீரரை முன்னே தள்ள மற்ற இத்தாலியர்கள் வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்று கோவாச் குற்றம் சாட்டினார். புலிதி அவரைப் பிரம்பால் அடிப்பேன் என்று மிரட்டித் தகுதி இழந்தார். பிறகு ஒரு நாள் இருவரும் ஓர் இசைக் கொட்டகையில் எதிர்ப்பட்டார்களாம். "உங்கள் பாஷை எனக்குப் புரியவில்லை" என்று கோவாச் சொல்ல, முகத்தில் ஓர் அறை விட்டு "இது புரிகிறதல்லவா" என்றாராம் புலிதி. முடிவு, சில மாதங்கள் கழித்து நிஜ வாளோடு ஒரு துவந்தம். நெடுநேரம் வெட்டிக் கொண்டபின், காயங்களைக் கண்டு அஞ்சி மற்றவர்கள் விலக்கிவிட்டார்கள். சாட்சி சொன்ன சாந்தெல்லிக்கும் சவால் வந்தது. வயதான தந்தைக்குப் பதிலாக மகன் ஜார்ஜோ களமிறங்கினார், எதிராளியான கொட்ரோனெய் என்ற இத்தாலியப் பத்திரிகையாளரைக் காயப்படுத்தினார். உண்மையைச் சொன்ன கிழவருக்காக மகன் ரத்தம் சிந்த வைத்தது சரியா என்று என்னைக் கேட்டால், நான் சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கிழவர் தன் தேசத்துக்காரருக்கு எதிராகச் சாட்சி சொன்னாரே, அதை மறக்கவும் மாட்டேன்.

அந்தச் சாந்தெல்லி வளர்த்த ஹங்கேரியச் சேபர் மரபைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1908 முதல் 1964 வரை ஒலிம்பிக் சேபர் தனிப் போட்டித் தங்கம் ஒரே ஒரு தடவைதான் ஹங்கேரியை விட்டுப் போனது. அந்த 1920இல் முதல் உலகப் போரில் தோற்ற நாடு என்று ஹங்கேரிக்கு அழைப்பே இல்லை. இத்தாலியின் நேதோ நாதி அந்த ஆண்டு அதையும் சேர்த்து ஐந்து தங்கம் வாங்கினார். ஹங்கேரியின் அலதார் கெரெவிச் 1932 முதல் 1960 வரை ஆறு ஒலிம்பிக்கில் குழுத் தங்கம் பெற்றவர், கடைசியாக ஆடியபோது வயது ஐம்பது. நடுவில் போருக்காக இரண்டு ஒலிம்பிக் நடக்கவில்லை என்பதையும் கூட்டிப் பாருங்கள்.

இந்தப் பெருமையின் அடியில் ஓடும் வேறொரு கணக்கும் உண்டு. அந்த ஹங்கேரிய வீரர்களில் பலர் யூதர்கள். 1908லும் 1912லும் குழுத் தங்கம் வென்ற ஓஸ்கர் கெர்தே 1944இல் மௌத்ஹௌசன் வதைமுகாமில் இறந்தார். 1928இல் தங்கம் வென்ற யானோஸ் கராய் அடுத்த ஆண்டு அதே முகாமில் மாண்டார். அவரோடு 1928இல் ஆடிய அட்டிலா பெட்சௌயர் 1943இல் கட்டாய உழைப்புப் படையில் உயிரிழந்தார். 1936இல் ஹிட்லரின் பெர்லினில், ஹிட்லரின் கொடிகளுக்கு நடுவே, சேபரில் இரண்டு தங்கம் வாங்கியவர் எந்த்ரே கபோஸ். 1944 நவம்பரில் புடாபெஸ்டின் மார்கரெட் பாலம் வெடித்தபோது பலியானார். பிஸ்டின் மேல் ஐந்து பேர் கூடி ஒரு தொடுகைக்கு ஒன்றரை ஓட்டு என்று கணக்குப் பார்த்தார்கள். பிஸ்டை விட்டு இறங்கிய பிறகு அவர்களுக்கு அரை ஓட்டுப் போடவும் ஆளில்லை.

அதே பெர்லினில் பெண்கள் ஃபாயில் போட்டி. ஜெர்மனியின் ஹெலனா மேயர், தந்தை யூதர். 1928இல் பதினேழு வயதில் தங்கம் வாங்கியவர். அமெரிக்காவில் குடியேறியிருந்தவரை, உலகம் பேசுமே என்று நாஜிகள் அழைத்துச் சேர்த்தார்கள். அவரும் வந்து, வெள்ளி வாங்கி, மேடையில் நாஜி வணக்கம் செய்தார். அந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் ஒரு சங்கடம். அவரை வென்று தங்கம் வாங்கியவர் ஹங்கேரியின் இலோனா எலெக், அவரும் யூத வழியினரே. எலெக் போரைத் தாண்டி உயிரோடிருந்து, 1948இல் லண்டனில் நாற்பத்தோரு வயதில் மறுபடியும் தங்கம் வென்றார்.

கண்ணை நம்ப முடியாது என்றானபின் கம்பியை நம்பினார்கள். அந்த 1936லேயே எப்பேக்கு மின்கருவி வந்துவிட்டது. முனை அழுந்தினால் விளக்கு எரியும். ஃபாயிலுக்கு 1956 மெல்போர்னில் வந்தது. உடற்பகுதியில் பட்டால் வண்ண விளக்கு, வேறெங்காவது பட்டால் வெள்ளை விளக்கு. அதற்காக உலோக இழை நெய்த மேலுடை. வெட்டும் வாளான சேபருக்கு 1992இல் பார்சிலோனாவில்தான் ஒலிம்பிக் விளக்கு எரிந்தது.

கம்பி வந்தால் களவு போகுமா? எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகு எடையில் திருட்டே இல்லை என்று எந்த வியாபாரியாவது சொல்வானா? 1976 மான்ட்ரியலில் ஐந்து விளையாட்டுகளைச் சேர்த்து நடத்தும் நவீன பெண்டத்லான் போட்டியில், எப்பே ஆட்டம். சோவியத்தின் போரிஸ் ஒனிஷ்செங்கோ பிரிட்டனின் ஜிம் ஃபாக்ஸை எதிர்த்து ஆடினார். ஃபாக்ஸ் பின்னால் வளைந்து தப்பிக்கிறார், முனை அவரைத் தொடவே இல்லை, ஆனால் விளக்கு எரிகிறது. வாளைப் பிரித்துப் பார்த்தால் பிடிக்குள்ளே ஒரு ரகசிய ஸ்விட்ச். விரலால் அழுத்தினால் போதும், குத்த வேண்டியதில்லை. ஒனிஷ்செங்கோ ஏற்கனவே ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர், திறமைக்குக் குறைவில்லாதவர். அவருக்கு ஏன் இந்தப் புத்தி வந்தது? எங்கள் தொழிலிலும் சரக்கு நல்லதாக வைத்திருப்பவனே சில சமயம் தராசில் கை வைப்பான். தகுதி நீக்கி ஊருக்கு அனுப்பினார்கள். அந்தக் குழுப் போட்டியில் பிரிட்டனே தங்கம் வென்றது.

1982 ரோம் உலகப் போட்டியில் நடந்ததோ களவன்று, விபத்து. மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஃபாயில் தங்கம் வென்ற விளாதிமிர் ஸ்மிர்னோவ், மேற்கு ஜெர்மனியின் மத்தியாஸ் பேருடன் ஆடினார். பேரின் வாள் ஒடிந்தது. ஒடிந்த முனை வலைமுகமூடியைத் துளைத்து உள்ளே போய்விட்டது. சில நாட்களில் ஸ்மிர்னோவ் இறந்தார். குமிழ் வைத்த வாளால் ஆள் சாகமாட்டான் என்ற நம்பிக்கைமேல் நின்ற விளையாட்டு இது. அது உடைந்துபோனது. அதன்பிறகுதான் மாரேஜிங் என்னும் உருக்கு, கெட்டியான முகமூடி, 800 நியூட்டன் விசை தாங்கும் உடை எல்லாம் கட்டாயமாயின. எவர்சில்வர் விற்கிறவனுக்கு உருக்கைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். சாதாரண உருக்கில் விரிசல் விழுந்தால் சட்டென்று ஓடும். மாரேஜிங் உருக்கில் அது மெதுவாகவே நகரும், அதனால் வாள் ஒடிவதும் குறையும்.

விளக்கு சரி, உருக்கு சரி, கடிகாரம்? 2012 லண்டன் ஒலிம்பிக், பெண்கள் எப்பே அரையிறுதி. கொரியாவின் ஷின் ஆ-லாம், ஜெர்மனியின் பிரிட்டா ஹைடமன். ஐந்துக்கு ஐந்து. நேரம் முடிந்தால் ஷின்னுக்கே வெற்றி. ஒரு விநாடி மீதம் என்கிறது கடிகாரம். ஆடுகிறார்கள், இருவருக்கும் விளக்கு எரிகிறது, மறுபடியும் ஒரு விநாடி. மறுபடியும் ஆடுகிறார்கள், இன்னும் அதே ஒரு விநாடி! கடைசியில் ஹைடமன் தொட்டுவிட்டார். முழு விநாடிக்குக் கீழே காட்டாத கடிகாரம் செய்த வேலை. முறையீடு முடியும்வரை பிஸ்டை விட்டு இறங்கினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகும் என்பதால், அந்தப் பெண் ஏறக்குறைய ஒரு மணி நேரம் அழுதபடி அங்கேயே உட்கார்ந்திருந்தார். முறையீடு தள்ளுபடியானது.

2023இல் மிலானில் இன்னொரு பெண் பிஸ்டை விட்டு நகரவில்லை. உக்ரைனின் ஓல்கா கார்லான் ரஷ்யாவின் அன்னா ஸ்மிர்னோவாவை 15-7 என்று சேபரில் வென்றார். தன் நாட்டின்மேல் போர் நடக்கும்போது கை குலுக்க மாட்டேன் என்று வாளை மட்டும் நீட்டினார். ஸ்மிர்னோவா நகராமல் நின்றார். விதிப்படி கை குலுக்கல் கட்டாயம், கார்லானுக்குக் கறுப்பு அட்டை. உலகமெங்கும் கூச்சல் எழவே விதி தளர்ந்தது. அப்போது ஒலிம்பிக் குழுத் தலைவராக இருந்த தாமஸ் பாக், 1976இல் ஃபாயில் குழுத் தங்கம் வென்ற வாள்வீச்சுக்காரர். அவர் கார்லானுக்குப் பாரிஸ் போட்டியில் இடம் உறுதி என்று கடிதம் கொடுத்தார். 2024இல் பாரிஸில் கார்லான் தனிப் போட்டியில் வெண்கலமும் குழுவில் தங்கமும் வென்றார். அளவு சரியாக இருந்தும் ஆளைத் தவறாக எடை போட்ட விதி அது என்பது என் தீர்ப்பு. மாறுபட்டுச் சொல்பவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள், வாதாடத் தயார்.

ஐரோப்பாவின் சொத்தாக இருந்த இந்த வித்தை ஆசியாவுக்கு வந்த கதை தனிக் கட்டுரைக்கு உரியது. 1984இல் சீனாவின் லுவான் ஜூஜியே ஃபாயில் தங்கம் வென்றதில் தொடங்கி, 2024இல் ஆண்கள் எப்பேயில் ஜப்பானும், சேபரில் கொரியாவும், ஃபாயிலில் ஹாங்காங்கும் தங்கம் வாங்கும் அளவுக்கு வந்துவிட்டது. தனிப் போட்டி மூன்றிலும் ஆண்கள் தங்கம் ஆசியாவுக்கே!

நம் பங்கு சிறியது, ஆனால் அது ஒரு தமிழ்ப் பெண்ணின் பங்கு. சென்னைப் பழைய வண்ணாரப்பேட்டையில் அர்ச்சகர் வீட்டில் பிறந்த பவானி தேவி, பள்ளியில் மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டதால் வாள்வீச்சில் சேர்ந்தவர். மின்வாள் விலை அதிகம். ஆகவே மூங்கில் கழியால் பயிற்சி செய்துவிட்டு, வாளைப் போட்டிக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருந்தார்களாம். முதல் வெளிநாட்டுப் போட்டி துருக்கியில், வயது பதினான்கு. மூன்று நிமிஷம் தாமதமாகப் போனார் என்று கறுப்பு அட்டை காட்டி வெளியேற்றினார்கள். பிறகு கேரளத்தில் தலச்சேரி, இத்தாலியில் லிவோர்னோ என்று பயிற்சி. 2021 ஜூலை 26 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடினார். ஒலிம்பிக் வாள்வீச்சில் இந்தியர் ஒருவர் இறங்கியது அதுவே முதல் தடவை. முதல் ஆட்டத்தில் துனீசிய வீராங்கனையை 15-3 என்று வென்று, அடுத்ததில் பிரான்சின் மனோன் புருனேயிடம் 7-15 என்று தோற்றார். புருனே அன்று வெண்கலத்தோடு திரும்பினார்.

2023 ஜூனில் சீனாவின் வூஷி நகரில் ஆசியப் போட்டி. காலிறுதியில் எதிரே நின்றவர் ஜப்பானின் மிசாக்கி எமூரா, அப்போதைய உலகச் சாம்பியன். பவானி 15-10 என்று வென்றார். அரையிறுதியில் உஸ்பெகிஸ்தானின் ஜைனாப் தயிபெகோவாவிடம் 14-15. ஆசியப் போட்டியில் இந்தியாவின் முதல் பதக்கமாக வந்த அந்த வெண்கலத்துக்கும் இறுதி ஆட்டத்துக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு தொடுகை.